கிராமபோனை விற்ற வாத்தியக் கடைகள் தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டனவா?

வீணைமணி:

1900க்கும் 1925க்கும் இடையில் அமெரிக்க இசைக்கடைகள் செய்த ஒரு காரியத்தைப் பற்றிப் பேச வேண்டும். பியானோ, ஆர்கன், வயலின், கிட்டார் விற்றுப் பிழைத்த கடைகளே பேசும் இயந்திரம் எனப்பட்ட கிராமபோனையும் ரிக்கார்டையும் கொண்டுவந்து வாசல் ஷோகேஸில் வைத்தன. சிகாகோவின் லயன் அண்ட் ஹீலி, சின்சினாட்டியின் வுர்லிட்சர், சான் பிரான்சிஸ்கோவின் ஷெர்மன் கிளே எல்லாமே வாத்தியக் கடைகள்தான். அந்த இயந்திரமும் ரிக்கார்டும் செய்த விக்டர் கம்பெனிக்குப் பெரிய விநியோகஸ்தர்கள் ஆனதும் இவர்கள்தான். தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள் என்பது என் கட்சி.

பேண்டு இசைக்குப் பேர்போன ஜான் பிலிப் சூசா 1906இலேயே எச்சரித்தார். இயந்திரம் பாடத் தொடங்கினால் பிள்ளைகள் வாத்தியம் பழகமாட்டார்கள், வீட்டுக் கச்சேரிகள் நின்றுபோகும் என்று பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டில் விக்டர் விக்ட்ரோலாவை இறக்கியது. குழல் வெளியே தெரியாமல் மர அலமாரிக்குள் அடங்கிய மாடல், விலை 200 டாலர். கூடத்தில் பியானோவுக்கு இருந்த மரியாதையான இடம் அந்த அலமாரிக்குப் போனது. அமெரிக்கப் பியானோ உற்பத்தி 1909இல் சுமார் 3,64,000ஐத் தொட்டது. அப்புறம் அந்த உயரத்தை அது எட்டவே இல்லை. 1929இல் அதில் பாதிகூட இல்லை. சூசா சொன்னது பலித்தது. பலிக்க வைத்தவர்கள் அந்தக் கடைக்காரர்கள்.

கடைத்தெரு கதிர்:

மணி சார், நீங்கள் கொடுத்த கணக்கு என் பக்கம்தான் பேசுகிறது. சாவி கொடுத்து ஓட்டும் ஸ்பிரிங் மோட்டார் இயந்திரம் 1896 வாக்கிலேயே கடைக்கு வந்துவிட்டது. ரிக்கார்டில் எடிசனின் உருளை ஒருபக்கம், பெர்லினர் கண்டுபிடித்த தட்டு இன்னொரு பக்கம். 1899இல் எடிசனின் 'ஜெம்' மாடல் ஏழரை டாலருக்குக் கிடைத்தது. அதிலிருந்து 1909 வரை ரிக்கார்டு விற்பனையும் ஏறியது, பியானோவும் ஏறியது. கொல்ல வந்தது பத்து வருடம் தோளில் கைபோட்டுக்கொண்டு கூட நடந்திருக்குமா? பியானோ பின்னால் சரிந்ததற்கு மோட்டார் கார் உண்டு, சினிமா உண்டு, 1920களில் வானொலி உண்டு. பியானோவுக்குத் தவணை கட்டிய குடும்பம் காருக்குத் தவணை கட்டப் போய்விட்டது.

கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் நிலையையும் பாருங்கள். பியானோ வாங்கியவர் மறுபடி கடைப்படி ஏறுவது எப்போதோ, அவர் மகளுக்குக் கல்யாணம் ஆகும்போது. ரிக்கார்டு வாங்கியவர் மாதாமாதம் வருவார். விக்டர் கம்பெனி புது ரிக்கார்டுகளின் பட்டியலை மாதம் ஒன்று என்று அச்சடித்து அனுப்பியது அதற்காகத்தான். அப்புறம் ஊசி. எஃகு ஊசியை ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மாற்றவேண்டும். மாற்றாமல் ஓட்டினால் தேய்ந்த முனை தட்டைச் சுரண்டிவிடும். பலத்த சத்தத்துக்குத் தடித்த ஊசி, மெல்லிய சத்தத்துக்கு ஒல்லி ஊசி என்று குட்டித் தகர டப்பாக்களில் விற்றார்கள். சில்லறைக் காசுதான், ஆனால் தினமும் வரும் காசு. வாடகை அதிலிருந்துதான் போகும்.

ரீட் ராஜன்:

நான் ஹார்மோனியம் பழுது பார்க்கிறவன், அந்தக் கண்ணோட்டத்தில் சொல்கிறேன். கதிர் தம்பி, பியானோ எண்ணிக்கையை வைத்து இரண்டு பேருமே பேசுகிறீர்கள். அந்த எண்ணிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1923இலும் பியானோ மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆனால் அதில் பாதிக்கு மேல் தானியங்கிப் பியானோ. துளை போட்ட காகிதச் சுருளை மாட்டிவிட்டு உட்கார்ந்து பெடலை மிதித்தால் போதும், கட்டைகள் தாமாக இறங்கும். மிதிப்பவருக்கு ச, ரி, க கூடத் தெரிய வேண்டியதில்லை. அதையும் வாத்திய விற்பனை என்று எண்ணினால் வாசிக்கத் தெரிந்த கைகள் எவ்வளவு குறைந்தன என்பது வெளியே வராது. சூசா அழுதது மரப்பெட்டிக்காக இல்லை, கைகளுக்காக. அதில் நான் மணி ஐயா பக்கம்.

கடைத்தெரு கதிர்:

ராஜன் அண்ணா, கைகள் எங்கே போயின என்று நான் சொல்கிறேன். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் பனாமா பசிபிக் கண்காட்சி நடந்தது. அங்கே ஹவாய்க்காரர்கள் வாசித்ததைக் கேட்டு ஊரே கிறங்கியது. அடுத்த வருடம் ஹவாய் ரிக்கார்டுகள் கடைகளில் பறந்தன. கேட்டவர்கள் சும்மா இருந்தார்களா? கிட்டார் மாதிரியான ஹவாய்க் குட்டி வாத்தியம் யுகுலேலி, அதைக் கேட்டு வந்து நின்றார்கள். பென்சில்வேனியாவில் நாசரேத் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கிட்டார் செய்த மார்ட்டின் கம்பெனி 1916இல் யுகுலேலி செய்ய இறங்கியது. அந்த வருமானத்தில் பட்டறையையே பெரிதாக்கினார்கள். சாக்ஸபோனும் அப்படித்தான். இந்தியானாவில் எல்கார்ட் ஊரின் கான், புஷர் கம்பெனிகளுக்கு 1920களில் ஆர்டர் குவிந்தது, ரிக்கார்டில் அந்தக் குரலைக் கேட்டவர்களால். ரிக்கார்டு வாத்தியத்தை விற்றுக் கொடுத்தது.

நிலா மதுரை:

நடுவில் ஒரு சந்தேகம். எடிசன் தட்டு விக்டர் மெஷினில் ஓடாது என்று படித்தேன். ஏன்? அப்படியென்றால் கடைக்காரர் இரண்டையும் வைத்திருக்க வேண்டுமே?

பழையகடை:

ஓடாதும்மா. விக்டர் தட்டில் ஊசி இடமும் வலமுமாக அசையும். எடிசனுடைய முறையில் ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கும். ஒன்றுக்குரிய ஊசியை மற்றொன்றில் வைத்தால் தட்டும் போகும், பாட்டும் வராது. எடிசன் 1912 வாக்கில் வெளியிட்ட டைமண்ட் டிஸ்க் கால் அங்குல கனம். கையில் எடுத்தால் அடுக்களைப் பலகை மாதிரி கனக்கும். வைர ஊசி என்பதால் மாற்றும் வேலை இல்லை, கடைக்காரருக்கு ஊசி டப்பா வருமானமும் இல்லை.

அதற்கு முந்தைய உருளை ரிக்கார்டை நான் கையாண்டிருக்கிறேன். அட்டைக் குப்பி, உள்ளே மெத்தென்று பஞ்சுத் துணி. வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது, விரல் ரேகை பட்டாலே மெழுகில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு விரலை உள்துளைக்குள் விட்டு, லேசாக விரித்து அப்படியே தூக்கவேண்டும். கடைப் பையன்கள் வாடிக்கையாளர் முன்னால் ஒரு நாளில் எத்தனை தடவை அதைச் செய்திருப்பார்கள்!

எடிசனுக்குப் பொருள்மேல் கர்வம், விற்பனைமேல் அக்கறை குறைவு. 1915 முதல் ஊர் ஊராக மேடை போட்டு, பாடகரை நிறுத்தி, பாதியில் விளக்கை அணைத்து, பாடுவது ஆளா தட்டா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஜனங்கள் வியந்தார்கள். ஆனால் புகழ்பெற்ற ஓபராப் பாடகர் கரூசோ விக்டரிடம் இருந்தார். கடைக்கு வருபவர் கேட்பது கரூசோவை. உள்ளூர் எடிசன் வியாபாரி அவருக்கு என்ன பதில் சொல்வது? 1929இல் எடிசன் கம்பெனி ரிக்கார்டுத் தொழிலையே விட்டது.

இன்னொன்று, விவாதத்துக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லத் தோன்றுகிறது. விக்டர் தட்டுக்கு வேண்டிய அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து, சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து போனது. குசும், பலாச மரங்களில் பூச்சி கட்டிய அரக்கைச் சுரண்டிக் கொடுத்த ஆதிவாசிகளின் பெயர் எந்த ரிக்கார்டு உறையிலும் இல்லை.

தென்றல்:

சட்டம் படித்தவள் என்ற முறையில் என் கேள்வி வேறு. பியானோவா ரிக்கார்டா என்பதைவிட, ரிக்கார்டு விற்ற கடைக்காரர் கடைக்காரராகவே இருந்தாரா என்பதைத்தான் நான் கேட்பேன். பியானோ வியாபாரத்தில் பேரம் இருந்தது. பழைய ஆர்கனை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார், தெரிந்த குடும்பத்துக்கு விட்டுக் கொடுப்பார், ஆளைப் பார்த்துத் தவணை போடுவார். விக்டரோடு சேர்ந்ததும் அந்த உரிமை போயிற்று. மெஷினோடு ஓர் அறிவிப்பு ஒட்டி வரும். அதன்படி விக்டர் அந்த மெஷினை விற்கவே இல்லை! காப்புரிமைக் காலம் முடியும்வரை உபயோகிக்க உரிமம் மட்டுமே தருகிறது, பொருள் விக்டருடையதே. குறித்த விலைக்குக் குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் காப்புரிமையை மீறியவர்.

நியூயார்க்கில் மேசி பல்பொருள் அங்காடியை நடத்திய ஸ்ட்ராஸ் சகோதரர்கள் இதை ஏற்கவில்லை. விக்டர் மெஷின்களை வாங்கி விலை குறைத்து விற்றார்கள், விக்டர் வழக்குப் போட்டது. 1917 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விக்டருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. முழு விலையும் வாங்கிக்கொண்டு பொருளையும் கொடுத்த பிறகு, உரிமம் என்று எழுதி ஒட்டினால் அது விற்பனை இல்லாமல் போய்விடாது என்பதுதான் சாரம். அதுவரை பல வருடம் அமெரிக்காவெங்கும் இசைக்கடைக்காரர்கள் கம்பெனி சொன்ன விலையை ஒப்பிக்கும் ஏஜெண்டுகளாக இருந்தார்கள். தங்கள் தொழிலை அவர்கள் இழந்தது அந்த இடத்தில்.

கடைத்தெரு கதிர்:

தென்றல், வழக்கைச் சரியாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த நிலையான விலையால் பிழைத்தது யார் என்று பாருங்கள். மேசி மாதிரி மலையளவு கடைக்கு ரிக்கார்டு ஒரு தூண்டில். அதை அடக்க விலைக்குக் கொடுத்து, உள்ளே வந்தவரிடம் துணியும் பாத்திரமும் விற்றுவிடும். சிற்றூரில் ரிக்கார்டும் வயலின் தந்தியும் மட்டும் விற்கும் ஆளுக்கு அந்த வசதி இல்லை. எல்லா ஊரிலும் ஒரே விலை என்றால்தான் அவர் கடைக்கு ஆள் வரும். தனியாக அறை கட்டி, வாடிக்கையாளரை உட்கார வைத்து ரிக்கார்டைப் போட்டுக் காட்டும் செலவை அவர் செய்ததே அந்த விலை உறுதியை நம்பித்தான்.

தென்றல்:

அப்படிப் பார்த்தாலும், ஏழு டாலர் கொடுத்து ஒரே ஒரு பக்கம் மட்டும் ஓடும் தட்டை வாங்கியவர் யார்? 1908இல் கரூசோவும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து பாடிய ஓபராத் தட்டு அந்த விலைக்குத்தான் விற்றது. அந்தச் சிற்றூர்க் கடைக்காரரைக் காப்பாற்றிய செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டினார்கள்.

கரிசல்:

எல்லோரும் பெரிய கடைகளையே பேசுகிறீர்கள். அந்தக் கடைகள் ஏறிட்டும் பார்க்காத ஒரு கூட்டம் இருந்தது. 1920இல் ஒகே கம்பெனியின் தட்டில் கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித் பாடிய, கறுப்பின மக்களின் இசையான புளூஸ் வெளிவந்து விற்றுத் தீர்ந்த பிறகுதான் கறுப்பின மக்களும் ரிக்கார்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. ரயிலில் வேலை பார்த்த கறுப்பினப் புல்மன் போர்ட்டர்கள் நகரத்தில் வாங்கித் தெற்கே கொண்டுபோய்ச் சிற்றூர்களில் விற்றார்கள்.

பாராமவுண்ட் ரிக்கார்டு யாருடையது தெரியுமா? விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலிக் கம்பெனியுடையது! கிராமபோன் பெட்டி செய்துகொண்டிருந்தவர்கள், பெட்டி விற்கத் தட்டும் வேண்டுமே என்று இறங்கினார்கள். கறுப்பின மக்களின் பத்திரிகையான சிகாகோ டிஃபெண்டரில் கூப்பன் போட்டு விளம்பரம் கொடுப்பார்கள். கத்தரித்து அனுப்பினால் தபாலில் தட்டு வரும். வாத்தியக் கடைக்குள் நுழைந்தால் முகம் சுளிப்பார்களே என்ற பயம் தபாலுக்கு இல்லை. வாத்தியக் கடை அழிந்ததா என்று வருந்தும்போது, அது யாருக்குக் கதவு திறக்காமல் இருந்தது என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

ரீட் ராஜன்:

கரிசல் சொன்னதை மனதார ஏற்கிறேன். ஆனால் கதிர் தம்பிக்கு ஒரு பதில் பாக்கி. யுகுலேலிக்கு நாலு தந்தி. நாலு நாளில் ஒரு பாட்டுக்கு ஈடு கொடுத்துவிடலாம். வயலினுக்கும் பியானோவுக்கும் குரு வேண்டும், வருடங்கள் வேண்டும். ரிக்கார்டு வளர்த்தது சீக்கிரம் கைக்கு வரும் வாத்தியங்களை. பொறுமை கேட்கும் வாத்தியங்கள் ஒதுங்கின.

கடைத்தெரு கதிர்:

அண்ணா, அப்படியானால் இந்தியானா மாநிலத்து ரிச்மண்டுக்குப் போவோம். அங்கே ஸ்டார் பியானோ கம்பெனி. 1915 வாக்கில் கிராமபோனும் ரிக்கார்டும் செய்யத் தொடங்கியது. ஜெனட் என்று அந்த ரிக்கார்டுக்குப் பெயர். ஸ்டாரின் பியானோ ஷோரூம்களிலேயே அவை விற்றன. விக்டர் காப்புரிமை வழக்குப் போட்டது, 1920களின் தொடக்கத்தில் ஸ்டார் ஜெயித்தது. மற்ற சிறு கம்பெனிகளுக்கும் அதனால் வழி திறந்தது. ஒலிப்பதிவுக் கூடம் தண்டவாளத்தை ஒட்டி, ரயில் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். 1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழுவும், அதில் இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அங்கே வாசித்தார்கள். மறு வருடம் பிப்ரவரியில் உல்வரீன்ஸ் குழுவோடு பிக்ஸ் பைடர்பெக் வந்தார். அயோவாவில் டேவன்போர்ட் ஊர்ப் பையன். அண்ணன் வாங்கிவந்த விக்ட்ரோலாவில் ஜாஸ் தட்டைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சுரமாகக் கேட்டு, டிரம்பெட் மாதிரி ஊதும் கார்னெட் பழகியவர். குரு ரிக்கார்டுதான். பியானோ கம்பெனியின் கூடத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்ததும் ரிக்கார்டுதான். கை செத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

வீணைமணி:

பிக்ஸைக் கொண்டுவந்தது நல்லது, முழுதாகக் கொண்டுவாருங்கள். அவர் அம்மா பியானோவும் ஆர்கனும் வாசித்தவர். பிக்ஸ் நாற்காலியில் ஏறி உட்காரும் வயதுக்கு முன்பே கட்டைகளில் பாட்டைத் தேடி எடுத்த குழந்தை. விக்ட்ரோலா அந்த வீட்டுக்கு வந்தபோது அவர் காது ஏற்கெனவே பழகியிருந்தது, கூடத்தில் இருந்த பியானோவால். வாத்தியக் கடை அந்தப் பியானோவை விற்காமல் விக்ட்ரோலாவை மட்டும் விற்றிருந்தால் தட்டைக் கேட்டுச் சுரம் பிரிக்கும் காது அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? பியானோவே இல்லாமல் விக்ட்ரோலா மட்டும் இருந்த வீட்டிலிருந்து அப்படி வந்தவர்களைப் பட்டியல் போடுங்கள் கதிர். அதை வைத்துப் பேசலாம்.