79 வயது, தொடை எலும்புக் கழுத்து முறிவு: பாதி மூட்டு மாற்று போதுமா? சிமென்ட் வைக்கலாமா?

செம்பூர் மகன்:
மும்பையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 79 வயது. வலது தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருக்கிறது. சர்க்கரை, பிரஷர் உண்டு. ஆஸ்பிரின் 75 மி.கி. சாப்பிடுகிறார். விழும்வரை கம்பு ஊன்றாமல் மார்க்கெட் போய் வந்தவர். நாளைக் காலை பைபோலார் என்ற பாதி மூட்டு போடுகிறார்கள். முழு மூட்டையும் மாற்றாமல் விட்டால் பின்னால் தொல்லையா? உலோகத்தை எலும்பில் பொருத்த வைக்கும் சிமென்ட் இந்த வயதில் ஆபத்து என்று சொந்தக்காரர்கள் சொல்வது சரியா? வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, இந்தியன் டாய்லெட். வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

எலும்பு மருத்துவர், மாட்டுங்கா:
தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் பெரும்பாலும் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகிறது. கழுத்து முறிந்து விலகினால் அந்தக் குழாய்கள் அறுந்துபோகும். ஸ்க்ரூ போட்டாலும் எலும்பு சேராமலோ, பந்து செத்து உட்கார்ந்தோ மறு ஆபரேஷனில் முடிவது அதிகம். அதனால்தான் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறோம், அது பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணம் அவருடையதே. பைபோலாரில் பெரிய பந்துக்குள் ஒரு சின்னப் பந்தும் சுழலும்.

கிண்ணத்தையும் சேர்த்து மாற்றும் முழு மாற்றோடு ஒப்பிட்ட, ஹெல்த் (HEALTH) என்று பெயரிட்ட ஆய்வு 2019இல் வந்தது. 50 வயது தாண்டிய 1,495 பேர். இரண்டு வருடத்தில் மறு ஆபரேஷன் முழு மாற்றில் 7.9%, பாதி மாற்றில் 8.3%. ஏறக்குறைய ஒன்றுதான். மூட்டு நழுவுவது, நிலையில்லாமல் ஆடுவது முழு மாற்றில் 4.7%, பாதியில் 2.4%. நடையில் முழு மாற்று கொஞ்சம் மேல். அம்மா வெளியே தனியாக நடந்தவர் என்பதால் முழு மாற்று பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த மூட்டில் ஏற்கெனவே தேய்மானம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். இல்லையென்றால் பாதி மாற்று தவறான முடிவல்ல.

சிமென்ட் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. அழுத்தி நிரப்பும்போது மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகும். பிரஷரும் ஆக்சிஜனும் சட்டென்று இறங்கலாம். உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குப் போவது அரிது, இதய நோய் முற்றியவர்களுக்குத்தான் கவலை அதிகம். எலும்புக் குழாயை நன்றாகக் கழுவி உலர்த்துவதும், நிரப்பும் முன் மயக்க மருந்து டாக்டரிடம் உரக்கச் சொல்வதும்தான் காப்பு. உலோகப் பந்தைத் தாங்கும் தண்டை, சிமென்ட் இல்லாவிட்டால், மெலிந்த எலும்பில் அடித்து இறக்க வேண்டும், விரிசல் விடும். 2022இல் வந்த ஒயிட் 5 ஆய்வில் உலோகத்தைச் சுற்றி எலும்பு முறிந்தது சிமென்ட் வைத்தவர்களில் 0.5%, வைக்காதவர்களில் 2.1%. என் கருத்து: இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் மோசமில்லை என்றால் சிமென்ட்தான்.

ஆஸ்பிரினால் ரத்தம் கூடுதலாகக் கசியும் என்று ஆபரேஷனைத் தள்ள விடாதீர்கள். படுக்கையில் கூடும் ஒவ்வொரு நாளும் நெஞ்சுச் சளியையும் படுக்கைப்புண்ணையும் கொண்டுவரும்.

வார்டு சிஸ்டர்:
தம்பி, முதல் இரண்டு மூன்று ராத்திரி புத்தி தடுமாறலாம், ட்யூபைப் பிடுங்கலாம். சுற்றிலும் மராத்தியும் இந்தியும் கேட்டால் தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடும். தமிழ் பேசும் ஒருத்தர் ராத்திரி கூட இருங்க. கண்ணாடி, காது மெஷின் கையிலேயே இருக்கட்டும். தூக்க மாத்திரை கேட்காதீங்க; சோடியம் பார்த்தாங்களா, சிறுநீர் அடைச்சிருக்கா, மலம் போச்சான்னு கேளுங்க.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி டிஸ்சார்ஜோடு நின்றுபோவது அடிக்கடி நடக்குது. வழக்கமா எனாக்ஸபாரின் 40 மி.கி. தினம் ஒன்று, 28 முதல் 35 நாள் வரை. கிட்னி சரியில்லைன்னா அளவு குறையும். சீட்டில் எத்தனை நாள்னு எழுதி வாங்குங்க.

பிசியோ, முலுண்ட்:
மறுநாளே வாக்கரோடு நிற்கவைக்க வேண்டும். சிமென்ட் வைத்தால் பொதுவாக முழு எடையும் ஊன்றலாம்.

பின்பக்கம் திறந்தார்களா, பக்கவாட்டிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் என்றால் நழுவும் வாய்ப்பு அதிகம். 6 முதல் 12 வாரம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் கூடாது, பாதம் உள்நோக்கித் திரும்பக் கூடாது; படுக்கும்போது தொடைகளுக்கு நடுவே தலையணை. சம்மணமும் குந்துவதும் அதற்குப் பிறகும் வேண்டாம்.

இந்தியன் டாய்லெட்டின் மேலேயே நிறுத்தும் நாலுகால் கமோடு நாற்காலி சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும். உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலுக்கு மேலே இருக்க வேண்டும். அதுதான் உயரத்துக்கு அளவு. நாற்காலிக் கால்களின் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஈரத்தரையில் அதுதான் வழுக்கும். தரையில் கிடக்கும் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஆஸ்பத்திரியிலேயே படி ஏறிப் பழகாமல் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். மாடிப்படித் திருப்பத்தில் உயரமான ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.

திடீர் வலியோடு கால் குட்டையாகி உள்ளே திரும்பினால் மூட்டு நழுவியிருக்கிறது. நிற்கவைக்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

செம்பூர் மகன்:
எல்லாருக்கும் நன்றி. புண்ணில் நீர் கசிந்தால் பக்கத்து டாக்டரிடம் ஆன்டிபயாடிக் வாங்கலாமா? பழையபடி நடப்பாரா?

எலும்பு மருத்துவர், மாட்டுங்கா:
வாங்காதீர்கள். மாத்திரை கிருமியை ஒளித்துவைக்கும், அழிக்காது. உலோகத்தில் கிருமி வேரூன்றும் முன் திறந்து கழுவினால்தான் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு. ஒரு வாரத்துக்குப் பிறகும் கசிந்தால் ஆபரேஷன் செய்தவரிடமே காட்டுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

மறைக்காமல் சொல்கிறேன். இந்த முறிவுக்குப் பின் ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் 20 முதல் 30% வரை. பெரும்பாலும் நிமோனியா, இதயம்; மூட்டு காரணமல்ல. முன்பு நன்றாக நடந்து, புத்தி தெளிவாக இருந்தவர்கள் இதைவிட நன்றாகத் தேறுகிறார்கள், உங்கள் அம்மா அந்த வகை. கம்போடு வெளியே போவதை இலக்காக வையுங்கள். சில வருடம் கழித்து நடக்கும்போது கவட்டியில் வலித்தால் கிண்ணம் தேய்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது முழு மூட்டாக மாற்றலாம்.

மெலிந்த எலும்புக்கும் மருந்து கேளுங்கள், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஜோலெட்ரானிக் ஆசிட் 5 மி.கி., வருடம் ஒரு முறை டிரிப்பில். ஆபரேஷனாகி இரண்டு வாரம் கழித்து, வைட்டமின் டி குறையைச் சரிசெய்த பின். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 35க்குக் கீழே இருந்தால் போடக் கூடாது. ஆட்டம் காணும் பல் இருந்தால் ஊசிக்கு முன்பே பிடுங்கி, புண் ஆறட்டும்.