பழைய ஹோம் கம்ப்யூட்டர் வச்சிருக்கறவங்க சந்திப்பு, பாண்டியில. விளம்பரம் எங்க குடுக்கறது?

முத்தியால்பேட்டை_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலே பேரு, மாசத்துல ஒரு ஞாயிறு எங்க வீட்டு மொட்டமாடி ரூம்ல உக்காந்து பழைய மெஷினுங்கள நோண்டினு இருப்போம், என்கிட்ட ஒரு ஸ்பெக்ட்ரம் 48கே, ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட கமடோர் 64, மீதி ரெண்டு பேரு வேடிக்க பாக்கவும் பஜ்ஜி வாங்கியாரவும். பொங்கல் லீவுல ஒருநாள் ஹால் எடுத்து பாண்டி, கடலூர், நெய்வேலி, விழுப்புரம் பக்கம் இருக்கற ஆளுங்க எல்லாரையும் மெஷினோட வரச் சொல்லலாம்னு ஒரு ஆச. பிரச்சன என்னன்னா யாரு எங்க இருக்காங்கன்னே தெரியல. கையில இருக்கறது பத்தாயிரம், ஒரு லோக்கல் மாசப் பத்திரிகையில கால் பக்கத்துக்கு ஆறாயிரம் கேக்கறாங்க, கேபிள் டிவியில கீழ ஓடற ஸ்க்ரோல் அதவிட கம்மி. சின்னதா ஜெராக்ஸ் போட்டு எட்டு பக்க புக் ஒன்னும் வர்றவங்களுக்கு குடுக்கலாம்னு இருக்கோம், அதுக்கும் காசு வேணும். கால் பக்கமா ஸ்க்ரோலா, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மஞ்சக்குப்பம்_சர்வீஸ்:

ப்ரோ ரெண்டுமே வேணாம். நான் பட்டுட்டேன். மூனு வருஷம் முன்னாடி கேபிள்ல பத்து நாள் ஸ்க்ரோல் வுட்டேன், "பழைய கம்ப்யூட்டர் வாங்கப்படும், 1990க்கு முந்தியது மட்டும்"னு தெளிவா போட்டும் வந்த போன் நாப்பது, அதுல முப்பத்தஞ்சு பென்டியம் ஃபோர், மூனு பேரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பாப்பீங்களான்னு கேட்டாங்க, ஒருத்தரு பேரனுக்கு லேப்டாப் இருக்கான்னாரு, இன்னொரு அம்மா நம்பர் மாத்தி போட்டுட்டு அர மணி நேரம் பேசினாங்க. நம்ம ஆளு ஒருத்தன் கூட வரல.

எல்லாரும் பாக்கற எடத்துல போட்டா எல்லாரும் பாப்பாங்க, நமக்கு வேண்டியவன் மட்டும் பாக்கமாட்டான், ஏன்னா அவன் அதெல்லாம் பாக்கறதே இல்ல. 1975 ஜனவரியில பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்ங்கற அமெரிக்க பத்திரிகை அட்டையில ஆல்டேர் 8800னு வீட்லயே சேத்து கட்டற கம்ப்யூட்டர் வந்துச்சு இல்ல, அட்டப் படத்துல இருந்தது வெறும் டப்பா, உண்மையான மெஷின் அனுப்பறப்ப வழியிலயே காணாம போயிடுச்சு. அப்பயும் ஆர்டர் ஆயிரக்கணக்குல கொட்டுச்சு, காரணம் அந்த புக்க வாங்கறவன் எல்லாம் கையில சால்டரிங் அயர்ன் வச்சினு இருந்தவன். அதே வருஷம் மார்ச் 5, ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்போட மொத சந்திப்பு கலிஃபோர்னியாவுல ஒரு வீட்டு கராஜ்ல நடந்துச்சு, அதுக்கு கூப்ட்டது ஒரு நோட்டீஸ்தான், நீ சொந்தமா கம்ப்யூட்டர் செய்யறியான்னு கேட்டு அங்கங்க ஒட்னாங்க, வந்தது முப்பது பேரு சொச்சம். அந்தக் கூட்டத்துக்கு வந்துனு இருந்த வாஸ்னியாக் பின்னாடி ஆப்பிள் மெஷின் பண்ணாரு. அதனால பிட் நோட்டீஸ் அடி, ஸ்பேர் பார்ட்ஸ் கடை, டிவி மெக்கானிக் கடை, காலேஜ் ஈசிஇ டிபார்ட்மென்ட் போர்டு, அவ்ளோதான். மறக்காம காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய எலக்ட்ரானிக் சாமான் பரப்பி வச்சிருக்கறவங்க கையில ஒரு கட்டு குடு, நம்ம ஆளுங்க எல்லாம் அங்க குனிஞ்சினு நிக்கறவனுங்கதான்.

சொல்தா_வீட்டு_பேரன்:

குனிஞ்சினு நிக்கறது நாந்தான் 😄

எங்க தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆகி வந்தப்ப அம்ஸ்ட்ராட் சிபிசி 6128னு ஒரு கம்ப்யூட்டர் எடுத்தாந்தாரு, பாண்டிக்காரங்களுக்கு புரியும், சொல்தா வீட்ல என்னென்ன சாமான் இருக்கும்னு. கீபோர்டு பிரெஞ்சு லேஅவுட், க்யூ இருக்க வேண்டிய எடத்துல ஏ இருக்கும், நம்பர் அடிக்கணும்னா ஷிஃப்ட் அழுத்தணும், எனக்கு இன்னிக்கும் ஆபீஸ் கீபோர்டுல கை தடுமாறும். அதுல ஒரு நல்ல விஷயம் மானிட்டரோட சேந்தே வந்துச்சு, கரண்டே மானிட்டர்லருந்துதான் மெஷினுக்கு போவும். பிரான்ஸ்ல டிவி சிக்னல் முறை செகாம் (SECAM), இங்க வேற, பால் (PAL), அதனால அங்கருந்து டிவியில மாட்டற மெஷின் கொண்டாந்தவங்க இங்க வந்து முழிச்சிருப்பாங்க.

நான் சொல்ல வந்தது வேற. பொட்டியில தாத்தா வச்சிருந்த பழைய பிரெஞ்சு கம்ப்யூட்டர் புக்குங்க கொஞ்சம் இருக்கு. முன்னாடி கலர் கலரா முழுப்பக்க விளம்பரம், கேம் கம்பெனிங்களோடது. அந்தப் பக்கத்துல தாத்தா ஒரு கோடு கூட போடல. கடைசி பக்கங்கள்ல பொடி எழுத்துல, கேம் மாத்திக்கலாம், எங்க ஊர்ல கிளப் இருக்கு, ஞாயித்துக்கிழம வாங்கன்னு மூனு மூனு வரியில வாசகருங்க குடுத்தது இருக்கும், அங்கதான் பேனாவுல வட்டம் வட்டமா போட்டு வச்சிருக்காரு. அதனால கால் பக்கத்துக்கு ஆறாயிரம் குடுக்காத தல, பழைய மெஷினுக்குன்னே இன்னும் நடக்கற வெளிநாட்டு இதழுங்க இருக்கு, அவங்களுக்கு மெயில் போடு, சந்திப்பு சேதின்னா நெறைய பேரு சும்மாவே போடுவாங்க. அது மூலமா ஆளு வராது, ஆனா உன் எட்டு பக்க புக்குக்கு மேட்டர் வரும்.

முத்தியால்பேட்டை_பையன்:

அண்ணா 6128 இப்ப ஓடுதா? அத எடுத்தாந்தீங்கன்னா அதுவே போதும்.

சொல்தா_வீட்டு_பேரன்:

ஓடுது. மூனு இன்ச் டிரைவ்ல பெல்ட் கரைஞ்சி தார் மாதிரி ஆயிடுச்சி, தொடச்சிட்டு புது பெல்ட் போட்டேன். டிஸ்க்தான் பதினோன்னே மிச்சம், அதுல ஒன்னு அம்மா டீ கிளாஸுக்கு அடியில வச்சது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

தம்பிகளா, எல்லாத்தையும் படிச்சேன். பத்திரிகை, நோட்டீஸ்னு பேசுறீங்க, சரிதான். ஆனா உங்க ஆளுங்க யாருன்னு ஒரு தடவை யோசிச்சீங்களா? நம்ம பக்கம் வீட்ல கம்ப்யூட்டர் வச்சிருந்தவன் அந்தக் காலத்துல விரல்விட்டு எண்ணலாம். 1984ல மத்திய அரசு கிளாஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோங்கற கம்ப்யூட்டர் குடுத்தாங்க, நான் வேலை பார்த்த பள்ளிக்கும் வந்தது. செருப்ப வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள போகணும், மெஷின் மேல டர்க்கி டவல் போத்தி வச்சிருப்போம், ஒரு பையனுக்கு வாரத்துல பத்து நிமிஷம் கிடைச்சா அதிர்ஷ்டம். சுவிட்ச் போட்டதும் தாழ்ந்த சத்தம் ஒன்னு, அப்புறம் உயர்ந்த சத்தம் ஒன்னு, பீ-பீப்னு வரும், அதுக்கே பின் பெஞ்சு எல்லாம் கை தட்டும்.

அந்தப் பசங்களுக்கு இப்ப ஐம்பது வயசு தாண்டியிருக்கும். அவங்க எந்த கம்ப்யூட்டர் பத்திரிகையும் படிக்கல, சண்டே மார்க்கெட்லயும் குனியல, ஒருத்தன் பேங்க்ல இருக்கான், ஒருத்தன் தவளக்குப்பத்துல ஹார்டுவேர் கடை, நட்டு போல்ட் ஹார்டுவேர சொல்றேன். ஆனா எல்லாரும் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல இருக்கான். "ரெட்ரோ கம்ப்யூட்டிங் மீட்"னு போட்டா ஒருத்தனுக்கும் புரியாது. "அந்த பீ-பீப் சத்தம் ஞாபகம் இருக்கா? செருப்ப கழட்டாம உள்ள வரலாம்"னு போடுங்க, என் பசங்க குடும்பத்தோட வருவானுங்க. காசும் செலவில்ல.

இன்னொன்னு, பள்ளியில கழிச்சுக்கட்டுன மெஷின்ல ஒன்ன அப்ப ஏலத்துல எடுத்தேன், பரண்ல இருக்கு. நாளைக்கு இறக்கி போட்டுப் பார்க்கிறேன்.

மஞ்சக்குப்பம்_சர்வீஸ்:

சார் சார், போடாதீங்க!! பிபிசி மைக்ரோ பவர் சப்ளையில மஞ்சளா கண்ணாடி மாதிரி ஒரு கெபாசிட்டர் இருக்கும், வயசானா அதுல விரிசல் வுட்டு ஈரம் ஏறிடும், கரண்ட் குடுத்தா கொஞ்ச நேரத்துல பொகையா கெளம்பும், வீடே நாறும். நம்மூரு உப்புக் காத்துக்கு கேக்கவே வேணாம். அத மாத்திட்டுதான் சுவிட்ச்ல கை வைக்கணும். கமடோர் 64 தம்பிக்கும் சேத்தே சொல்றேன், அந்த கருப்பு அடாப்டர் கெட்டுச்சின்னா அஞ்சு வோல்ட் எகிறி உள்ள ராம்னு சொல்ற மெமரி சிப்பு எல்லாத்தையும் சாவடிக்கும், மீட்டர் வச்சி பாக்காம ஹாலுக்கு எடுத்தாராத.

அப்புறம் பையா, ஹால் அட்வான்ஸ் குடுக்காம தேதிய அச்சடிச்சிடாத. உன் ஸ்பெக்ட்ரம பண்ண அதே சின்க்ளேர் கம்பெனி 1984 ஜனவரியில க்யூஎல்னு ஒரு கம்ப்யூட்டர அறிவிச்சி 28 நாள்ல டெலிவரின்னு விளம்பரம் குடுத்து காச வாங்கிட்டாங்க, மெஷினே ரெடி இல்ல, மாசக்கணக்குல இழுத்து அனுப்புன மொத லாட்ல, மெஷினோட சொந்த புரோகிராம் இருக்கற ரோம் சிப்புக்கே எடம் பத்தாம பின்னாடி வாலு மாதிரி ஒரு துண்டு தொங்கினு இருந்துச்சி. அந்த கெட்ட பேரு போவவே இல்ல.

முத்தியால்பேட்டை_பையன்:

வாத்தியார் சொன்னது செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு, நல்ல விதமா சொல்றேன். நாலு மாசமா மெஷின் வச்சிருக்கறவனையே தேடினு இருந்தோம், தொட்டவன தேடவே இல்ல.

அப்ப முடிவு. கால் பக்கம் கேன்சல். லாஸ்பேட்டையில ஒரு மினி ஹால் பாத்திருக்கேன், நாளைக்கு போயி அட்வான்ஸ் குடுத்து ரசீது வாங்கறேன், அப்புறந்தான் தேதி. 200 பிட் நோட்டீஸ், பாதி கடலூருக்கு, மஞ்சக்குப்பம் அண்ணன் பாத்துக்கங்க, மீதி சண்டே மார்க்கெட். வாட்ஸ்அப் மெசேஜ் வாத்தியாரே எழுதி குடுத்துடுங்க சார், அந்த செருப்பு வரிய மட்டும் மாத்தாதீங்க. ஸ்பெக்ட்ரம் படம் ஆர்எஃப்லதான், அதாவது டிவி ஆன்டெனா சொருகற எடம் வழியாத்தான் வரும், புது டிவியில ட்யூன் பண்ணி உயிர் போவுது, யார்கிட்டயாவது குண்டு டிவி இருந்தா சொல்லுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அவங்கவங்க எடுத்தாரணும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

எழுதித் தர்றேன். குண்டு டிவி என்கிட்ட ஒன்னு இருக்கு, ஒனிடா, இன்னும் படம் வருது. மெஷின இன்னும் இறக்கல, பயமுறுத்திட்டீங்க. அந்த கெபாசிட்டர் எங்க கிடைக்கும்?

மஞ்சக்குப்பம்_சர்வீஸ்:

என்கிட்டயே இருக்கு சார். ஞாயித்துக்கிழம காலைல பஸ் புடிச்சி வரேன், ஏணி மட்டும் எடுத்து வைங்க.