இறக்கத்தில் லோ கியர் கழன்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். இரண்டு வருடமாக வீட்டு ஷெட்டில் ஒரு பழைய வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். தரைத்தகடு முழுக்கத் துரு. வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். அது தனிக்கதை, விடுங்கள்.

இப்போது சிக்கல் டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியில். ஃபோர் வீல் லோவில் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியரில்) மேடு ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடி, லிவர் டக்கென்று நியூட்ரலுக்குத் தாவுகிறது. எஞ்சின் பிடிப்பு போய் வண்டி தானாக உருளும்போது வயிற்றைக் கலக்குகிறது. மண் பாதையில்தான் ஓட்டினேன். முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டியைத் தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது என்று தெரியும். நாலு டயரும் ஒரே அளவு.

ஷிஃப்ட் ராடைப் பிடித்து நிறுத்தும் பால், ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங் உடைந்து பாதிதான் இருந்தது. ஆகா, இதுதான் என்று இரண்டையும் மாற்றினேன். மூன்று நாள் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

பின்பக்க அவுட்புட் ஷாஃப்டை (பெட்டியிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) முன்னும் பின்னும் இழுத்து டயல் கேஜில் அளந்தால் 0.4 மி.மீ. ஆட்டம். இருக்க வேண்டியது 0.10 முதல் 0.20 வரை. பேரிங் மூடிக்கு அடியில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) எடுத்தால் மட்டும் போதுமா, இல்லை ஸ்லைடிங் கியரின் (ஷாஃப்டில் நகர்ந்து கோத்துக்கொள்ளும் கியர்) பல்லும் தேய்ந்திருக்குமா? கண்ணால் பார்த்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொரு சந்தேகம். புதுத் தகட்டில் லிவருக்கு நான் வெட்டிய துளை கொஞ்சம் சின்னது. அதில் இடித்துக் கியர் முழுதாக விழாமல் போகுமோ? இதே பெட்டியைப் பிரித்தவர்கள் சொல்லுங்கள்.