கான்டாக்டர் விடும்போது ஈஎஸ்பி32 ரீசெட் ஆகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாச்சிமாரே. சேரன்மகாதேவி பக்கம் மாமாவின் வாழைத் தோட்டத்துக்கு, மண்ணின் ஈரம் பார்த்து மோட்டார் போடும் கருவி ஒன்றை ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கண்ட்ரோலர் போர்டு) வைத்துச் செய்து வருகிறேன். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்தால் அவர் டார்ச்சோடு வரப்பில் நடக்கிறார். பாம்பு நடமாடும் இடம், எனக்கு மனசு கேட்கவில்லை.

வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் (சென்சார் வோல்டேஜை அளக்கும் பின்களில் ஒரு தொகுதி) படிக்காது என்பதால் சென்சாரை 34ஆம் பின்னில் கொடுத்திருக்கிறேன், அளவு சரியாக வருகிறது. போர்டு தட்டும் ரிலே, ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய காந்த சுவிட்ச்) காயிலை இயக்குகிறது. கான்டாக்டர் விடும் (ஆஃப் ஆகும்) நொடியில் போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. காயிலைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் தட்டினால் ஒன்றும் ஆவதில்லை, அதனால் புரோகிராம் மேல் சந்தேகமில்லை.

காயில் ஆஃப் ஆகும்போது எழும் வோல்டேஜ் துள்ளல்தான் காரணம் என்று நினைக்கிறேன். காயில் 230 வோல்ட் ஏசி, அதை அடக்க டையோடு போட முடியாது. குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பர் (துள்ளலை அடக்கும் ரெசிஸ்டர்-கபாசிட்டர் ஜோடி) போதுமா, எம்ஓவியும் (வோல்டேஜ் எகிறினால் அதை உள்வாங்கும் பாகம்) வேண்டுமா? அப்புறம், எக்ஸ்2 கபாசிட்டர் (மெயின்ஸ் மின்சாரத்துக்குக் குறுக்கே போடும் பாதுகாப்பு வகை) திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்கே கிடைக்கும்?