எடைமேடை நிரலுக்கு டக் டைப்பிங் போதுமா?

பெங்களூரா_மண்டி:
கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்குப் பைத்தானில் நிரல் எழுதிக் கொடுத்தேன். வண்டியைச் சரக்கோடு ஒரு முறையும், காலியாக ஒரு முறையும் நிறுப்பார்கள். காய் ஏற்றி வரும் வண்டிக்கும் கூழ்ப் பீப்பாய் ஏற்றிப் போகும் வண்டிக்கும் இந்த வரிசை தலைகீழ் என்பதால், இரண்டில் பெரியது மொத்த எடை, சிறியது வண்டி எடை என்று மேக்ஸ், மின் ஆகியவற்றைக் கொண்டு முடித்துவிட்டேன். ஒரு மாதம் பிக்கப் வண்டிகளே வந்தன. கணக்கும் சரியாக இருந்தது. முதல் பெரிய லாரி 12400 கிலோவாக ஏறி, 4850 கிலோவாக இறங்கிய அன்று, சீட்டில் நிகர எடை மைனஸ் 7550 என்று அச்சானது. ஓட்டுநர் அதைப் பார்த்து, "அப்படியானால் ஆலைதான் எனக்குக் காய் தர வேண்டுமா?" என்று கேட்டார்.

தராசுக் கருவி எடையை எழுத்துச் சரமாகவே அனுப்புகிறது. நான் கழிக்கும் இடத்தில் மட்டும் அதை எண்ணாக மாற்றியிருந்தேன். சரங்களை ஒப்பிடும்போது முதல் எழுத்தான 4, 1ஐவிடப் பெரியது. எண்ணா சரமா என்று வகையைப் பார்க்காமல், ஒப்பிட முடிந்த எதையும் மேக்ஸ் ஏற்றுக்கொள்ளும் என்ற இந்தத் தாராளம்தான் டக் டைப்பிங் என்றால், எனக்கு அது வேண்டாம். ஜாவாவுக்கு மாற்றப் போகிறேன்.

தொப்பூர்க்_கணவாய்:
தம்பி, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். டக் டைப்பிங்குக்கு எதிர்ப்பதம் ஸ்ட்ராங் டைப்பிங், அதாவது வெவ்வேறு வகைகளைத் தானாக மாற்றிக் கலக்காத கண்டிப்பு, அன்று. வாத்தைப் போல நடந்து வாத்தைப் போலக் கத்தினால் வாத்தாகவே கொள்ளும் பைத்தான், "4850" என்ற சரத்தோடு 100 என்ற எண்ணைக் கூட்டச் சொன்னால் பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டோ 4850100 என்று ஒட்டிக் கொடுக்கும். ஆகவே பைத்தானும் ஸ்ட்ராங் மொழிதான்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்கு நான் எழுதியதில் மூன்று வகைத் தராசுகள் உள்ளன. மூன்றுக்கும் பொதுவான தாய் வகுப்பு எதுவும் இல்லை. "எடையைப் படி" என்ற செயல் இருந்தால் போதும். தராசே இல்லாமல் வீட்டில் சோதிக்க ஒரு பொய்த் தராசை எழுத எனக்கு ஐந்து வரிகள்தாம் ஆயின. வாசலிலேயே எண்ணாக மாற்றாதது உங்கள் தவறு. அதற்கு மொழி என்ன செய்யும்?

ஊத்தங்கரை_புளி:
இருவரும் பாதிதான் சொல்கிறீர்கள். இரண்டு சரங்களைப் பெரிது என்ற குறியால் ஒப்பிட்டால் ஜாவா அதைத் தொகுக்கவே, அதாவது ஓடும் வடிவுக்கு மாற்றவே, மறுக்கும். அந்த அளவில் பெங்களூரா மண்டிக்காரர் சொல்வது சரி. ஆனால் கோ மொழியும் ஸ்டாட்டிக்தான் (நிரல் ஓடும் முன்பே வகைகளைச் சரிபார்ப்பது), ஸ்ட்ராங்தான். அங்கே அதே ஒப்பீடு முணுமுணுப்பின்றித் தொகுக்கப்பட்டு, அதே மைனஸ் 7550 வந்திருக்கும். கணவாய் ஐயாவின் மூன்று தராசுகளுக்கும் கோ மொழியில் இடமுண்டு, ஏனெனில் செயல் இருந்தாலே அங்கே இன்டர்ஃபேஸ் (தேவையான செயல்களின் பட்டியல்) நிறைவேறிவிடும்.

பைத்தானிலும் 2015இல் 3.5 பதிப்போடு எது எந்த வகை என்று எழுதிவைக்கும் டைப் குறிப்புகளும், 2019இல் 3.8 பதிப்போடு, என்ன செயல் வேண்டும் என்று மட்டும் குறிக்கும் புரோட்டோகாலும் வந்துவிட்டன. ஓடும்போது பைத்தான் அவற்றைச் சரிபார்ப்பதில்லை. அதற்கு மைபை போன்ற சரிபார்ப்புக் கருவியைத் தனியே ஓட்ட வேண்டும். அப்போதும், எடையைச் சரம் என்றே நீங்கள் குறித்திருந்தால் அக்கருவியும் தலையாட்டிவிடும்.

பெங்களூரா_மண்டி:
ஐயா, தவறு என்னுடையதுதான்; மறுக்கவில்லை. ஆனால் நான் தவறு செய்வேன் என்று தெரிந்துதானே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஒரு மாதம் சரியாக ஓடியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றே நின்றிருந்தால் அன்றே திருத்தியிருப்பேன்.

தொப்பூர்க்_கணவாய்:
அந்த ஒரு மாதமும் நான்கு இலக்க எடைகளை மட்டுமே சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருந்தாலும் எடைக்கென்று தனி வகுப்பு வைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். என் மண்டியில் பெட்டிக் கணக்கும் கிலோக் கணக்கும் ஒருமுறை கலந்துபோனது. இரண்டுமே முழு எண்கள் என்பதால் ஜாவாவின் இன்ட் என்ற முழு எண் வகையும் அதைப் பிடித்திருக்காது.

பெங்களூரா_மண்டி:
தனி வகுப்பை எழுதிவிட்டேன். எண்ணாக மாறாத எதுவும் இனி அதற்குள் நுழையாது. ஜாவா முடிவில் மாற்றமில்லை. ஆனால் சீசன் முடிந்தபின்தான் அதில் கை வைப்பேன்.