பிரபுவுக்கு எத்தனை பேர்? ரீஜென்சி நாவல், பழங்கால மர்மக் கதை படிக்கிறவர்கள் உதவவும்

செங்கோட்டை வாசகி

இங்கிலாந்தின் ரீஜென்சி காலத்துக் (1811-1820) காதல் நாவல்களையும், அதே காலத்தில் நடக்கிற கொலை மர்மக் கதைகளையும் மாற்றி மாற்றிப் படிக்கிறேன். மொழி பிரச்சினை இல்லை. முட்டுகிற இடம் வேறு.

முதலாவது ஆள் பேர். ஒரு அத்தியாயத்தில் தாமஸ் வேர்டன், அடுத்ததில் ஹால்பரி பிரபு, அத்தை வந்தால் வெறும் டாம். எல்லாம் ஒரே ஆள்தான் என்று தெளிவாகவே அறுபது பக்கம் போய்விடுகிறது. அடுத்து, காதலர்கள் எதற்கெடுத்தாலும் ஸ்காட்லாந்துக்கு வண்டி கட்டுகிறார்களே, ஏன்? மர்மக் கதையில் போலீசையே காணோம். யார் விசாரிப்பது, யாருக்கு என்ன அதிகாரம் என்று தெரியாமல் நாம் எப்படித் துப்புத் துலக்குவது? எழுதியவர் நம்மை ஏமாற்றுகிறாரா என்று பிடிக்க வழி உண்டா?

பத்தாயிரம் பவுண்டு சீதனம் பெரிய தொகையா என்றும் யாராவது சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை

பேர் விஷயத்துக்கு நம் பக்கத்து வீட்டுப்பேரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பேர் ஒன்று, பெற்றவர்கள் வைத்தது ஒன்று, ஊர் கூப்பிடுவது ஒன்று. தபால்காரருக்குக் குழப்பமே வராது. அங்கேயும் அப்படித்தான்: வேர்டன் குடும்பப் பேர், ஹால்பரி பட்டத்தின் பேர். பட்டம் கைக்கு வந்த நாளிலிருந்து ஊர் அவரை ஹால்பரி என்றுதான் அழைக்கும். கையெழுத்தும் ‘ஹால்பரி’ என்ற ஒற்றைச் சொல்தான்.

மேலிருந்து வரிசை: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். (கடைசியை உச்சரிப்புப்படி ‘பேரன்’ என்று எழுதினால் தாத்தா எங்கே என்று கேட்பீர்கள்.) டியூக்கை மட்டும் ‘யுவர் கிரேஸ்’ என்பார்கள், மற்ற நால்வரும் ‘மை லார்ட்’. இவர்களுக்குக் கீழே பாரனெட். அவர் பிரபு இல்லை. ‘சர்’ என்பது சொந்தப் பேரோடு மட்டும் ஒட்டும்: சர் வில்லியம் சரி, குடும்பப் பேரைச் சேர்த்து ‘சர் கார்ட்டர்’ என்று வந்தால் எழுதியவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

பெண்களில் ‘லேடி’க்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள், பாதிக் கதை அதிலேயே இருக்கும். லேடி மேரி என்று சொந்தப் பேர் வந்தால் அவள் பிறப்பிலேயே ஏர்லோ அதற்கு மேலோ உள்ளவரின் மகள். லேடி ஹால்பரி, லேடி கார்ட்டர் என்று வந்தால் கட்டிக்கொண்டவன் வழியாக வந்த மரியாதை. மூத்த மகன் இன்னொரு குழப்பம். ஏர்லும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மூத்த பிள்ளை, அப்பாவின் சின்னப் பட்டம் ஒன்றை மரியாதைக்குப் போட்டுக்கொள்வான். சட்டப்படி அவன் சாமானியன்தான், கீழ்ச்சபைக்குத் தேர்தலில்கூட நிற்கலாம். டியூக், மார்க்விஸின் இளைய மகன்கள் ‘லார்ட் ஜான்’ என்று சொந்தப் பேரில் போவார்கள்.

ஒரு கார்டில் மூன்று கட்டம் போட்டு வையுங்கள்: சொந்தப் பேர், குடும்பப் பேர், பட்டம். அதற்குக் கீழே ‘அடுத்த வாரிசு யார்’ என்று ஒரு வரி. மர்மக் கதையில் இந்தக் கடைசி வரிதான் முக்கியம். பட்டத்தை உயில் எழுதி யாருக்கும் கொடுக்க முடியாது, விற்க முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தத்துப்பிள்ளைக்கும் போகாது, இங்கிலாந்தில் தத்தெடுக்கச் சட்டமே 1926ல்தான் வந்தது. கல்யாணத்துக்கு முன் பிறந்தவனுக்கு, பெற்றோர் பிறகு கட்டிக்கொண்டாலும், உரிமை இல்லை.

பிரபு பிள்ளையில்லாமல் செத்து, மனைவி கர்ப்பமாக இருக்கலாம் என்ற பேச்சு வந்தால், தம்பி மகன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஆண் பிள்ளை பிறந்தால் பட்டம் அதற்கு. அந்த மாதங்களில் வீட்டுக்குள் யார் யாருக்கு என்ன குடிக்கக் கொடுக்கிறார்கள் என்று கவனித்துப் படியுங்கள்.

மருமக்கத்தாயம் கேள்விப்பட்ட நமக்கு ஒரு எச்சரிக்கை. தறவாட்டில் (தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தில்) காரணவர், அதாவது குடும்பத் தலைவர், கண்ணை மூடினால் கண் மருமகன் (சகோதரி மகன்) பக்கம் போகும். அங்கே அக்கா தங்கை பிள்ளைக்குப் பொதுவாக ஒன்றுமில்லை, அண்ணன் தம்பி பிள்ளைதான். ‘நெவ்யூ’ என்ற ஒரே சொல் இரண்டு பேரையும் குறிக்கும். யாருடைய பிள்ளை என்று உறுதி செய்யாமல் சந்தேகப்பட்டியல் போடாதீர்கள்.

தக்கலை

ஸ்காட்லாந்து ஓட்டம் நமக்குப் புரியாத விஷயமா அக்கா? களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் லாட்டரிச் சீட்டு தொங்கும், இந்தப் பக்கம் 2003லிருந்து தடை. ரோடு ஒன்றுதான், சட்டம் வேறே. காதலர்கள் ஓடுகிற கிரெட்னா கிரீன், எல்லை தாண்டினதும் ஸ்காட்லாந்தில் வருகிற ஊர்.

இங்கிலாந்தில் 1754 முதல் அமலான சட்டப்படி, கல்யாணம் சர்ச்சில்தான் நடக்கணும். ஒன்று, மூணு ஞாயிறு சர்ச்சில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கணும். நம்ம குமரி சர்ச்சுகளில் இன்றும் வாசிக்கிற அதே ஓலைதான். ஆட்சேபம் இருக்கிறவன் எழுந்து சொல்லலாம். இல்லை, பிஷப்பிடம் லைசென்ஸ் வாங்கணும். அதற்கு இருவரில் ஒருத்தர் அந்தப் பங்கில் (சர்ச் எல்லைக்குள்) நாலு வாரம் குடியிருந்திருக்கணும். 21 வயது ஆகாதவர் தகப்பன் சம்மதமில்லாமல் லைசென்ஸில் கட்டினால் கல்யாணமே செல்லாது. நேரமும் காலை எட்டு முதல் நண்பகல் வரைதான். நாவலில் ராத்திரி மாளிகையில் வைத்துக் கட்டினால், அது காண்டர்பரி ஆர்ச்பிஷப் தருகிற ஸ்பெஷல் லைசென்ஸாக இருக்கணும். அது எல்லாருக்கும் கிடைக்கிற கடைச்சரக்கு இல்லை.

ஸ்காட்லாந்தில் இதெல்லாம் கிடையாது. பெண்ணுக்கு வயது 12, ஆணுக்கு 14. சாட்சி முன்னால் ‘கட்டிக்கொண்டோம்’ என்று சொன்னால் போதும். அங்கே போய் 21 நாள் தங்கணும் என்ற விதி 1856ல்தான் வந்தது.

தூரத்தைக் கணக்குப் போடுங்க. லண்டனிலிருந்து சுமார் 320 மைல். வாடகை வண்டி மணிக்கு ஏழெட்டு மைல், பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு தரம் குதிரை மாற்றணும். நிற்காமல் ஓடினாலே நாற்பது மணி நேரம். ‘மறுநாள் காலை சேர்ந்தார்கள்’ என்று இருந்தால் அந்தப் புத்தகத்தில் மற்ற நேரக்கணக்கையும் நம்பாதீங்க. மர்மக் கதையாக இருந்தால் இதுவே பெரிய ஓட்டை, யார் எங்கே இருந்தான் என்பதெல்லாம் குதிரை வேகத்தில்தானே தொங்குது.

இன்னொன்று. சர்ச் ரிஜிஸ்டரில் பக்கத்தைக் கிழித்துவிட்டான், கல்யாணத்துக்கு ஆதாரமே போச்சு என்று நிறையக் கதை வரும். வருஷா வருஷம் ரிஜிஸ்டரின் நகல் பிஷப் அலுவலகத்துக்குப் போகணும். கெட்டிக்கார எழுத்தாளர் துப்பறிகிறவரை அங்கே அனுப்புவார்.

புளியரை

போலீஸ் இல்லை என்பதுதான் இந்தக் கதைகளின் ருசியே. லண்டனுக்குப் போலீஸ் 1829ல். துப்பறியும் பிரிவு 1842ல். ரீஜென்சி என்பது 1811 பிப்ரவரி முதல் 1820 ஜனவரி வரை; மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கியதால் மகன் ஆண்ட காலம். அப்போது ஊருக்கு ஒரு கான்ஸ்டபிள். சம்பளம் கிடையாது, முறை வைத்து ஊர்க்காரரே பார்ப்பார். அவருக்கு மேலே மாஜிஸ்திரேட், பெரும்பாலும் அந்த ஊர்ப் பண்ணையார்தான். லண்டனில் போ ஸ்ட்ரீட் ஆட்கள் (போ ஸ்ட்ரீட் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் துப்பறியும் ஆட்கள்) உண்டு, 1749லிருந்து. வெளியூர்க்காரர் அழைத்தால் நாள்படியும் வழிச்செலவும் கொடுக்கணும். அதனால் காசில்லாத வீட்டில் போ ஸ்ட்ரீட் ஆள் வந்து நின்றால், பணம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். பல கதையில் விடை அங்கேதான் இருக்கும்.

வழக்குப் போடுவதும் சர்க்கார் இல்லை, செத்தவன் வீட்டார். சில குற்றங்களில் குற்றவாளியைத் தண்டனை வரை கொண்டுபோனவனுக்கு 40 பவுண்டு சர்க்கார் வெகுமதி இருந்தது, 1818ல் எடுத்தார்கள். அதற்காகவே பொய்சாட்சி சொன்னவர்கள் உண்டு. இதை மனதில் வைத்தால் ‘நேரில் பார்த்தேன்’ என்று ஓடிவருகிற சாட்சியைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

பிணம் கிடைத்ததும் கொரோனர் (சாவுக்குக் காரணம் விசாரிக்கிற அதிகாரி) விசாரணை. குறைந்தது 12 பேர் ஜூரி, பெரும்பாலும் ஊர்ச் சத்திரத்தில் கூடுவார்கள். ஜூரி பிணத்தைக் கண்ணால் பார்த்தே ஆகணும். எழுத்தாளர் எல்லாப் பாத்திரங்களையும் ஒரே அறையில் உட்காரவைக்கிற இடம் இது, வேகமாகப் புரட்டாதீர்கள். மருத்துவருக்குக் கூலி கொடுக்கக் கொரோனருக்குச் சட்டம் 1836ல்தான் வந்தது. ஆகவே 1815ல் சாதாரணக் குடியானவன் உடலை விலாவாரியாக அறுத்துப் பார்த்தால் ஏன் என்று காரணம் சொல்லியிருக்கணும்.

கோர்ட் காட்சியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 1836 வரை, கொலை மாதிரிக் கடுங்குற்றத்தில் குற்றவாளியின் வக்கீல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், ஜூரியைப் பார்த்து வாதாட முடியாது. அந்தக் காலக் கதையில் வக்கீல் அரைமணி நேரம் முழங்கினால் அது சினிமா. குற்றவாளி சத்தியம் செய்து சாட்சி சொல்வதும் 1898க்கு முன் பொதுவாகக் கிடையாது. பிரபுவோ அவர் மனைவியோ கொலை செய்தால் வழக்கு மேல்சபைக்குப் போகும்.

தூக்குத் தீர்ப்புக்குப் பின் மிச்சம் ரெண்டு நாள்தான், கொலைக்கு 1752 சட்டம் அப்படி. நடுவில் ஞாயிறு வந்தால் ஒரு நாள் கூடும். நிஜ உதாரணம்: பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலை பெல்லிங்காம் சுட்டது 1812 மே 11. விசாரணை மே 15, வெள்ளி. தூக்கு மே 18, திங்கள். கடைசி நேரத்தில் நிரபராதியைக் காப்பாற்றும் கதைகளில் இந்தக் கெடுவைச் சரியாக வைத்திருக்கிறாரா பாருங்கள், விறுவிறுப்பு முழுக்க அதில்தான்.

ஏமாற்று வேலையைப் பிடிக்க: கதை நடக்கிற வருஷத்தை முதல் பக்கத்திலேயே குறியுங்கள். தீக்குச்சி 1827க்கு முன் கடையில் கிடையாது, சக்கிமுக்கிதான். தபால்தலை 1840. அதற்கு முன் பெரும்பாலும் கடிதம் பெறுகிறவர்தான் காசு கொடுக்கணும். மிரட்டல் கடிதத்தை ஒரு ஏழைப் பெண் எப்படி வாங்கினாள் என்பது நியாயமான கேள்வி. விஷத்தைச் சோதிக்க வழி 1836ல்தான் வந்தது. அதற்கு முன் ஆர்சனிக் வைத்தவன் தப்பினான்.

குமுளி

புளியரை அண்ணாச்சி, கடைசி வரி மட்டும் இடிக்குது. 1836ல் வந்த மார்ஷ் சோதனை ஆர்சனிக் மிகக் கொஞ்சம் இருந்தாலும் காட்டும், அதுதான் வித்தியாசம். அதற்கு முன்னாலும் வழி இருந்தது. 1752ல் மேரி பிளாண்டி வழக்கில், பாத்திரத்தில் மிஞ்சின பொடியைப் பழுக்கக் காய்ச்சின இரும்பில் போட்டுப் பூண்டு வாசம் வந்ததை மருத்துவர் சாட்சியாகச் சொன்னார், அவளைத் தூக்கிலும் போட்டார்கள். ஆக ரீஜென்சிக் கதையில் மிச்சக் கஞ்சியையோ பொடியையோ யாராவது எடுத்து வைத்தால் விஷத்தை நிரூபிக்கலாம். பாத்திரத்தை அவசரமாகக் கழுவுகிறவள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

சீதனம்: பவுண்டு என்றதும் நகைக்கடைக் கணக்கு வேண்டாம். நாம் எட்டு கிராமுக்குச் சொல்கிற சவரன், அந்தக் காசே 1817ல்தான் வந்தது. 1813ல் ஒருத்தன் சவரன் மூட்டையை மேஜையில் கொட்டினால் தப்பு. அப்போது புழக்கத்தில் பேங்க் நோட்டுதான் அதிகம், கினி என்பது 21 ஷில்லிங்.

பத்தாயிரத்தைப் பெரும்பாலும் செலவழிக்க மாட்டார்கள், மூன்று சதவீத அரசுப் பத்திரத்தில் போடுவார்கள். நெப்போலியன் போர்க்காலத்தில் 100 பவுண்டுப் பத்திரம் 60ஐ ஒட்டி விலைபோனது. 60 என்றே வைத்தால் பத்தாயிரத்துக்கு 16,666 பவுண்டு மதிப்புள்ள பத்திரம் கிடைக்கும், வட்டி வருஷம் 500. வீட்டு வேலைக்காரிக்குச் சாப்பாடு போட்டு வருஷம் பத்துப் பவுண்டு சுமார் என்று வைத்துப் பாருங்கள். ஆக நல்ல தொகைதான், ஆனால் மாளிகை வாழ்க்கைக்குப் போதாது.

கல்யாணத்துக்கு முன் வக்கீல் எழுதுகிற செட்டில்மென்ட் பத்திரத்தையும் தாண்டிப் போகாதீர்கள். அது இல்லாவிட்டால் பெண்ணின் ரொக்கம் தாலி... மன்னிக்கவும், மோதிரம் ஏறின நிமிஷமே புருஷனுக்கு. பத்திரம் இருந்தால் பணம் டிரஸ்டிகள் கையில். அப்போது சந்தேகப்பட்டியலில் டிரஸ்டியையும் சேர்க்கணும்.

செங்கோட்டை வாசகி

கார்டு போட்டுவிட்டேன். டிரஸ்டிக்குத் தனிக் கட்டம். ஒன்று மட்டும்: தொடராக வருகிறதை எதில் ஆரம்பிப்பது?

கொழிஞ்சாம்பாறை

மர்மத் தொடர் என்றால் முதல் புத்தகத்திலிருந்தே. துப்பறிகிறவரின் சொந்த வாழ்க்கை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், நாலாவதை எடுத்தால் ரெண்டாவதில் யார் குற்றவாளி இல்லை என்பது தெரிந்துவிடும். காதல் தொடர், அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று ஆளுக்கொரு புத்தகம் வருவது, எதையும் முதலில் எடுக்கலாம். யார் யாரைக் கட்டினார் என்பதுதான் முன்கூட்டித் தெரியும், அது அட்டையிலேயே இருக்கிறது.

போகிற போக்கில்: உங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர். அங்கேயும் அதே வருஷங்களில் ரீஜென்சிதான் நடந்தது. 1813ல் பிறந்த சுவாதித் திருநாளுக்காகக் கௌரி லட்சுமி பாயும், பிறகு தங்கை கௌரி பார்வதி பாய் 1829 வரையும் ஆண்டார்கள். யாராவது அதில் ஒரு மர்மக் கதை எழுதினால் தேதியைச் சரிபார்க்கச் சுலபம்: கொல்லம் ஆண்டு வேண்டுமென்றால் ஆங்கில வருஷத்திலிருந்து, ஜனவரி முதல் ஆவணி பிறக்கும் வரை 825ஐக் கழியுங்கள், அதற்குப் பின் 824. வாட்டர்லூ சண்டை நடந்த அன்று (1815 ஜூன் 18) செங்கோட்டையில் ஓர் ஓலைக்குத் தேதி போட்டிருந்தால் கொல்லம் 990, ஆனி என்று இருந்திருக்கும்.