சுங்கை சிப்புட்டில் பாராங் கத்தியோடு ஓடி வந்த பெரியவர்

காரைக்குடிக்காரன்:
சித்தி மகள் கல்யாணத்துக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட் போயிருந்தோம். பால்மர (ரப்பர்) தோட்டங்களால் வளர்ந்த ஊர், இப்போது வழியெல்லாம் எண்ணெய் தரும் செம்பனை. மற்றதை விடுங்கள், முள்தோலும் கடும் வாடையும் உள்ள அந்த டுரியான் பழக் கடைக்கு வருகிறேன். சாலையோரக் கொட்டகை. மலாய்ப் பெரியவர் பழத்தை நிறுத்து, பிளந்து, சுளைகளை டப்பாவில் அடுக்கித் தந்தார். காசு கொடுத்துக் காரில் ஏறியாயிற்று. வண்டி நகரும்போது பின்கண்ணாடியில் டொக் டொக். திரும்பினால் அந்தப் பெரியவர், கையில் பாராங், நீளமான வெட்டுக்கத்தி! கதவைப் பூட்டச் சொல்லி என் மனைவி கத்தினாள். மனிதர் மூச்சிரைக்க வெற்றுத் தோலை நீட்டுகிறார். ஓரத்தில் புழுத் துளை. டப்பாவை வாங்கி, சுளை சுளையாகப் பிட்டுப் பார்த்து, இரண்டைத் தூக்கி எறிந்தார். வேறு பழம் பிளந்து தந்தார், காசு வாங்கவில்லை. அவர் சொல்லாவிட்டால் எங்களுக்கு என்ன தெரியும்?

தோட்டத்து மச்சான்:
அண்ணே, நான் அந்த ஊர்க்காரன்தான். கெட்ட பழத்தை மாற்றித் தருவது எங்கள் பக்கம் வழக்கம், இதற்குப் போய் இவ்வளவு ஆச்சரியமா? கம்போங் பழத்தை, அதாவது சாதாரண நாட்டு ரகத்தை, விலை கூடிய முசாங் கிங் ரகம் என்று தலையில் கட்டுகிறவனும் இங்கேதான் இருக்கிறான். எனக்கு மறக்காதது மதுரை மாட்டுத்தாவணி. பஸ் கிளம்பிவிட்டது, டீக்கடைப் பையன் மீதிச் சில்லறையோடு கூடவே ஓடி வந்து ஜன்னல் வழியாக என் மடியில் போட்டான். பத்து ரூபாய்! நீயே வைத்துக்கொள் என்று சொல்வதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

கெடா அக்கா:
மச்சான், கேட்டால் மாற்றித் தருவதுதான் வழக்கம். இவர் கேட்கவே இல்லை, அவராக ஓடி வந்தார். இரண்டும் எப்படி ஒன்றாகும்? ஹட்யாயில் நான் விட்டுவந்த கைப்பையை ஒரு தாய்லாந்து அம்மா கடை சாத்திய பிறகும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரி, என் கதை அவ்வளவுதான். டுரியான் வாங்கப் போகிறவர்கள் கேளுங்கள். பிளக்கும் முன்பே ரகத்தையும் கிலோ என்ன வெள்ளி (ரிங்கிட்) என்பதையும் கேட்டுவிடுங்கள். தோலில் துளை இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். காம்பு காய்ந்திருந்தால் பழையது. முசாங் கிங் என்றால் அடியில் நட்சத்திரம் மாதிரி இருக்கும், சுளை நல்ல மஞ்சள். கண் முன்னால் பிளந்து, ஒரு சுளை தின்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அப்புறம் காலித் தோலில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினால் வாடை குறையும், எங்கள் வீட்டில் அப்படித்தான். ஓட்டலுக்குள் மட்டும் கொண்டு போகாதீர்கள், பல இடங்களில் வாசலிலேயே டுரியான் படம் போட்டுக் குறுக்கே கோடு அடித்திருப்பார்கள்.